அடைக்கலப்பட்டணம்: யாருக்கு கிடைக்கும், யாருக்கு கிடைக்காது

பைபிள்ல அடைக்கலப்பட்டணம்னு வாசிச்சதும் நிறைய பேர் நினைக்கிறது, கொலை பண்ணிட்டு ஓடிப்போய் ஒளிஞ்சுக்குற இடம், உள்ள நுழைஞ்சுட்டா யாரும் தொட முடியாதுன்னு. அப்படி இல்ல. எண்ணாகமம் 35, உபாகமம் 19, யோசுவா 20, இந்த மூணு அதிகாரத்தையும் சேர்த்து வாசிச்சா தெரியும், விசாரணை முடியுற வரைக்கும் ஒருத்தன் உயிரோட இருக்கணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடே.

அந்த காலத்துல போலீஸ் கிடையாது, தண்டனையா ஜெயில்ல போடுற வழக்கமும் மோசேயோட சட்டத்துல கிடையாது. ஒருத்தனை யாராவது சாகடிச்சுட்டா செத்தவனோட நெருங்கின சொந்தக்காரன்தான் பழிவாங்கணும், அது அவன் உரிமை, கடமையும் கூட. அண்ணன் செத்துட்டான்னு கேள்விப்பட்ட தம்பி கத்தியோட கிளம்புற நேரத்துல, வேணும்னே கொன்னானா கைப்பிசகா நடந்துச்சான்னு யார் நின்னு கேக்கப்போறா? உபாகமம் இதை நேராவே சொல்லுது, பழிவாங்குறவன் மனசு எரிஞ்சுட்டு துரத்துவான், வழி தூரமா இருந்தா பிடிச்சு கொன்னுடுவான், சாவுக்கு லாயக்கில்லாதவன் செத்துடுவான்னு. அதனாலதான் தேசத்தை மூணு பங்கா பிரிச்சு வழியை சரிபண்ணி வைன்னு கட்டளை.

மொத்தம் 6 ஊர். யோர்தானுக்கு கிழக்க பேசேர், கீலேயாத்துல ராமோத், பாசான்ல கோலான், இந்த மூணையும் மோசே இருக்கும்போதே குறிச்சுட்டாங்க. மேற்க கேதேஸ், சீகேம், எப்ரோன், இது யோசுவா காலத்துல. வடக்கு, நடு, தெற்குன்னு ரெண்டு கரையிலயும் பிரிச்சு வச்சிருக்காங்க, மேப்ல பார்த்தா தெரியும், யாருமே தேசத்தோட நீளத்துக்கு ஓட வேண்டியதில்ல. எல்லை இன்னும் பெருசானா கூடுதலா 3 ஊர் சேத்துக்கணும்னும் இருக்கு. ஆறுமே லேவியர்களுக்கு, அதாவது ஆராதனை வேலை பார்க்குற கோத்திரத்துக்கு, கொடுத்த 48 ஊர்கள்ல உள்ளதுதான். லேவியருக்கு மத்த கோத்திரம் மாதிரி தனி நிலப்பங்கு கிடையாது, அவங்க எல்லா கோத்திரத்துக்கு நடுவுலயும் சிதறி இருக்குறவங்க, ஓடி வர்றவனோட குலப்பகை அவங்களுக்கு சொந்தப்பகை இல்ல, அதான் அவங்க ஊரை தேர்ந்தெடுத்திருப்பாங்கன்னு எனக்கு தோணுது.

சரி, யாருக்கு தகுதி. பகை இல்லாம, பதுங்கி இருக்காம, தெரியாம ஒருத்தரை சாக வச்சவனுக்கு. விறகு வெட்ட ரெண்டு பேர் காட்டுக்கு போறாங்க, கோடாரியை ஓங்கும்போது இரும்பு காம்புல இருந்து கழண்டு கூட வந்தவன் மேல பட்டு அவன் செத்துட்டான், இதுதான் உபாகமம் கொடுக்குற உதாரணம். ஆள் நிக்கிறது தெரியாம கல்லை போட்டாலும் இதே கணக்கு. இஸ்ரவேலனா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, அவங்க நடுவுல தங்கியிருக்குற அந்நியனுக்கும் இதே உரிமைன்னு தெளிவா எழுதியிருக்கு.

இரும்பு ஆயுதத்தாலயோ, சாகுற அளவு கல்லாலயோ, கட்டையாலயோ அடிச்சு கொன்னா அது கொலைபாதகம், ஏற்கனவே பகை இருந்து தள்ளிவிட்டாலும் அப்படித்தான், இவங்களுக்கு அடைக்கலம் கிடையாது. அப்படிப்பட்டவனும் ஓடி வந்து உள்ள புகுந்துட்டா? அவனோட சொந்த ஊர் மூப்பர்கள் ஆள் அனுப்பி அவனை அங்கிருந்து கொண்டுவந்து பழிவாங்குறவன் கையில ஒப்படைக்கணும். பலிபீடத்தை பிடிச்சுகிட்டா தப்பிக்கலாம்னு ஒரு நம்பிக்கையும் அப்போ இருந்துச்சு, ஆனா வேணும்னே கொன்னவனை என் பலிபீடத்துல இருந்தே பிடிச்சுட்டு போங்கன்னு யாத்திராகமம் 21லயே வந்துடுது. முன்னாடி கொலை பண்ணியிருந்த யோவாப், தாவீது ராஜாவோட படைத்தலைவன், பலிபீடத்து கொம்பை பிடிச்சுகிட்டு நகர மாட்டேன்னு நின்னப்போ தாவீதோட மகன் சாலொமோன் ராஜா சொல்லி பெனாயான்றவன் அங்கேயே வெட்டினது இந்த லாஜிக்லதான், அரசியல் கணக்கும் அதுல இருந்துச்சுன்றது வேற விஷயம்.

நடைமுறை என்னன்னா, ஓடி வந்தவன் நேரா உள்ள போயிட முடியாது, பட்டண வாசல்ல நின்னு மூப்பர்கள்கிட்ட நடந்ததை சொல்லணும், ஏன்னா அந்த காலத்துல கோர்ட்டே ஊர் வாசல்தான். அவங்க உள்ள சேத்துகிட்டு தங்க இடம் கொடுக்கணும், பழிவாங்குறவன் பின்னாடியே வந்து கேட்டாலும் கொடுக்கக்கூடாது. அப்புறம் சபைக்கு முன்னாடி நிறுத்தி முறையா விசாரணை. ஒரே ஒரு சாட்சி சொல்றதை வச்சு யாரையும் சாகடிக்க முடியாது. கொலைதான்னு தீர்ந்தா சாவு. கைப்பிசகுன்னு தீர்ந்தா, இங்கதான் நம்ம ஆட்கள் பலபேர் கவனிக்காம விட்டுடுறாங்க, அவன் வீட்டுக்கு போக முடியாது, திரும்ப அதே அடைக்கலப்பட்டணத்துக்கே கொண்டுபோய் விடுவாங்க. அப்போ இருக்குற பிரதான ஆசாரியன், அதாவது தலைமை குரு, சாகுற வரைக்கும் அங்கேயே இருக்கணும். நடுவுல எல்லையை தாண்டி வெளிய வந்து மாட்டினா பழிவாங்குறவன் கொன்னாலும் அவன் மேல ரத்தப்பழி கிடையாது.

அதாவது கொலைகாரன் இல்லன்னு தீர்ப்பு வந்தவனுக்கும் நிலம், தொழில், சொந்த ஊர் எல்லாம் போச்சு, எத்தனை வருஷம்னும் தெரியாது, ஆசாரியனுக்கு வயசாகிருந்தா சீக்கிரம் விடுதலை, இளவயசுன்னா ஆயுசு முழுக்க. இது அநியாயமா இல்லையான்னு கேட்டா, எனக்கு பாதி அநியாயமாத்தான் படுது, ஆனா கவனக்குறைவா இருந்தாலும் ஒரு உயிர் போயிருக்கு, சும்மா விட்டுட முடியாதுன்னு அந்த சட்டம் நினைக்குதுன்னு புரியுது. கி.பி. 200 வாக்குல யூத ரபிமார்கள், அதாவது மதச்சட்ட ஆசிரியர்கள், தொகுத்த மிஷ்னான்ற சட்ட நூல்ல இதை ஒட்டி ஒரு தகவல் இருக்கு, பிரதான ஆசாரியர்களோட அம்மாக்கள் இந்த ஆட்களுக்கு சாப்பாடும் துணியும் கொடுப்பாங்களாம், எதுக்கு, என் புள்ள சீக்கிரம் சாகணும்னு இவங்க ஜெபம் பண்ணிடக் கூடாதுன்னு! சட்டத்துல இருக்குற ஓட்டை எங்கன்னு அந்த ரபிமார்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

பணம் கொடுத்து முடிச்சுக்கலாமா? முடியாது. கொலைகாரனோட உயிருக்கு மீட்கும் பொருள் வாங்கக்கூடாது, அடைக்கலப்பட்டணத்துல இருக்குறவன் முன்னாடியே ஊர் திரும்பறதுக்கும் வாங்கக்கூடாதுன்னு எண்ணாகமம் 35 ரெண்டையும் அடுத்தடுத்து சொல்லுது. முட்டுற பழக்கம் உள்ள மாடுன்னு தெரிஞ்சும் கட்டிவைக்காம விட்டு அது ஆளை கொன்னா, அந்த கேஸ்ல மட்டும் மாட்டுக்காரன் உயிருக்கு ஈடா பணம் விதிக்க யாத்திராகமத்துல இடம் இருக்கு, ஆனா மனுஷன் கையால போன உயிருக்கு ரேட் பேசுற வேலையே கிடையாது. என்னை கேட்டா மொத்த ஏற்பாட்டுலயும் இதுதான் பெரிய விஷயம், இது மட்டும் இல்லாம போயிருந்தா காசு இருக்குறவன் ஒரு வாரத்துல வீட்டுக்கு போயிருப்பான், விறகு வெட்டுறவன் மட்டும் அங்கேயே கிடந்திருப்பான்.

நடைமுறையில இது எவ்வளவு ஒழுங்கா நடந்துச்சுன்னா, பைபிள் கதைகள்ல ஒருத்தன் ஓடிப்போய் வாசல்ல நின்னு விசாரணையில தப்பிச்சான்னு ஒரு சம்பவம் கூட கிடையாது. மாறா, யோவாப் தன் தம்பி ஆசகேலுக்கு பழிவாங்க, சவுல் ராஜாவோட படைத்தலைவனா இருந்த அப்னேரை தனியா பேசணும்னு கூட்டிட்டு போய் குத்தினது எப்ரோன் வாசல்ல, அதாவது அடைக்கலப்பட்டணத்து வாசல்லயே. ஆசகேலை அப்னேர் கொன்னது சண்டையில, துரத்தாதேன்னு அவன்கிட்ட சொல்லியும் பார்த்தான்.

கடைசியா விடுதலை. பிரதான ஆசாரியன் செத்த செய்தி வந்ததும் அவன் தன் சொந்த நிலத்துக்கு திரும்பலாம், பழிவாங்குறவன் அதுக்கு மேல தொடக்கூடாது. ஆனா முன்னாடி ஊர்ல ஏதாவது பதவியில இருந்திருந்தா அது திரும்ப கிடைக்குமான்னு மிஷ்னாலயே ரெண்டு கருத்து இருக்கு, ரபி மேயிர் கிடைக்கும்னு சொல்றார், ரபி யூதா கிடைக்காதுன்னு சொல்றார்.