தூரத்து டாக்டரா, பக்கத்து டாக்டரா?

காரைக்குடியில் மனநல மருத்துவராக இருப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளூர்க்காரர்கள், தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லாம் மதுரைக்கோ திருச்சிக்கோ காரில் போய்விடுவார்கள். புதுக்கோட்டைக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். காரணம் ஒன்றுதான், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம், பங்காளிகள் காதுக்குப் போனால் என்னாவது என்ற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அப்படித் தூரத்தில் ஆரம்பிக்கிற வைத்தியம் பெரும்பாலும் இரண்டு மூன்று தடவையோடு நின்றுபோகிறது என்பதுதான் என் வருத்தம்.

ஏன் என்றால், இது ஒரு ஊசியில் முடிகிற வேலை இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை வேலை செய்வது தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் முதல் வாரத்திலேயே குமட்டல், தலைபாரம் என்று ஏதாவது வந்துவிடும், 'இது ஒத்துக்கல' என்று நிறுத்திவிடுவார்கள். பக்கத்தில் டாக்டர் இருந்தால் வந்து கேட்பீர்கள், அளவை மாற்றிக் கொடுப்போம். நன்றாகிவிட்ட பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான். 'இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம்' என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த ரகம் இல்லை. பழக்கமாகக் கூடியது அல்பிரசோலம் மாதிரியான தூக்க மாத்திரைதான். அதைத்தான் வருடக்கணக்கில், பழைய சீட்டை வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் பலர் விழுங்குகிறார்கள்!

சரி, யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அப்புறம் மனநலத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். மருந்து எழுதுவார், ரத்தப் பரிசோதனை கேட்பார். உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை செய்வார், பலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். டாக்டர் என்று போர்டு போட்டவரின் பெயரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவில் தேடிப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், பதிவு இருக்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் தடவை வந்தால் நாங்கள் என்னதான் செய்வோம்? நிறையக் கேட்போம். தூக்கம், பசி, எப்போதிலிருந்து, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, குடி உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். தைராய்டு, பி12 பார்க்கச் சொல்வோம், ஏனென்றால் சோர்வு எல்லாம் மனதிலிருந்தே வருவதில்லை. இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி பார்ப்பது பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சிமார்களை. நேற்றுவரை கணக்கு வழக்கு பார்த்தவர் இரண்டே நாளில் குழம்பி, ஆள் தெரியாமல் பேசினால் 'வயசாகிவிட்டது' என்றோ 'காத்து கருப்பு' என்றோ விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய விஷயம் அது.

மனநோய் தீர வேண்டி குணசீலம் கோயிலுக்குப் போகிறோம் என்பார்கள். தாராளமாகப் போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டிப்போடுகிற இடத்தில் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்தார்கள். 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதைத் தடை செய்திருக்கிறது. உங்கள் வைத்திய விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்வதும் அதே சட்டம்தான், ஆகவே வரன் பார்க்கிற வீட்டார் கேட்டால் நான் வாயைத் திறக்க முடியாது.

காசு இல்லை என்பது தடையாக இருக்கக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சிவகங்கையில் ஒரு கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் டாக்டர் வருவார், எந்த நாள் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நடு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். சாகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள், பக்கத்து அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கடைசியாக, எனக்கு வாராவாரம் வருகிற கேள்வி: 'அவர் வரவே மாட்டேன் என்கிறார் டாக்டர், காப்பியில் கலந்து கொடுக்க ஏதாவது எழுதிக் கொடுங்களேன்.' ஆளைப் பார்க்காமல் எழுத மாட்டேன். தெரிந்த நாளில் அவர் காப்பியைத் தொட மாட்டார், உங்கள் கையால் சோறும் சாப்பிட மாட்டார். முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள், நடப்பதைச் சொல்லுங்கள். அவரிடம் 'உனக்குப் பைத்தியம்' என்று ஆரம்பிக்காமல், 'ராத்திரி தூங்கவே இல்லையே அண்ணே, தூக்கத்துக்காவது ஒருத்தரைப் பார்ப்போம்' என்று ஆரம்பியுங்கள். தூக்கம் இல்லாததை அவரே ஒத்துக்கொள்வார், பெரும்பாலும் அதைச் சொல்லித்தான் என் அறைக்குள்ளும் வருவார்கள்.