கார்டியன் என்றால் காப்பாளர், உரிமையாளர் அல்ல

"நான்தான் கார்டியன். பையனை அனுப்புவதும் அனுப்பாததும் என் இஷ்டம்." உறவுச் சண்டைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இப்படிப் பேசுகிறவர் கார்டியன் என்ற சொல்லை உரிமையாளர் என்ற பொருளில் எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்திலும் அதற்கு அந்தப் பொருள் கிடையாது.

பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் கார்டியன். அதற்கும் பின்னால் போனால் கவனித்தல், காத்தல் என்று பொருள்படும் ஒரு ஜெர்மானிய வேர் இருக்கிறது. அதே சொல் வட பிரான்சின் பேச்சுவழக்கு வழியாக நுழைந்தபோது வார்டன் ஆனது. வார்டு என்பதும் இதே குடும்பம்தான். சட்டத்தில் அது காப்பாளரின் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் குறிக்கும். நம் ஊரில் ஹாஸ்டல் வார்டனை விடுதிக் காப்பாளர் என்கிறோம், கார்டியனையும் காப்பாளர் என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிந்த சொல் தமிழில் ஒன்றாகவே நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

காப்பாளரின் வேர் 'கா'. காவல், காப்பு, காப்பகம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பாதுகாவலர் என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் கூடவே நிற்கும் மெய்க்காவலரையும் அப்படிச் சொல்வதால், சட்டப் பொருளுக்குக் காப்பாளரே தெளிவு. காவலர் வேண்டாம், அது போலீஸுக்குப் போய்விட்டது.

சரி, காப்பாளரின் முடிவை எதிர்த்துக் கேட்க முடியுமா? பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு பையனுக்கு அவன் சித்தப்பாவை நீதிமன்றம் காப்பாளராக நியமித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவைப் பெற்ற பாட்டி தீபாவளிக்குப் பேரனைப் பார்க்க வருகிறார். சித்தப்பா கதவைத் திறக்க மறுக்கிறார். 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்டு வார்ட்ஸ் சட்டம், 43-ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. அக்கறையுள்ள எவரும் மனுப் போடலாம். நீதிமன்றம் தானாகவும் தலையிடலாம். காப்பாளர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அது உத்தரவிடும். உத்தரவை வேண்டுமென்றே மீறிக்கொண்டிருந்தால், 39-ஆம் பிரிவின்படி அவரையே நீக்கலாம். பாட்டியின் மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். பாட்டி என்பதற்காக மட்டும் அனுமதி கிடைத்துவிடாது. அந்தச் சந்திப்பு பையனுக்கு நல்லதா என்றுதான் நீதிபதி பார்ப்பார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 43-ஆம் பிரிவு, நீதிமன்றம் நியமித்த அல்லது அறிவித்த காப்பாளருக்குத்தான். பிரிந்து வாழும் அப்பா அம்மாவுக்கு இடையிலான வழக்கு வேறு தடத்தில் போகும். அங்கே அடிபடும் சொல் கஸ்டடி. அதைக் 'குழந்தையின் காவல்' என்று எழுதும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை, கைதியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. 'வளர்ப்புப் பொறுப்பு' போதும். அப்படிப் பொறுப்பு கிடைக்காத பெற்றோருக்கும், பிள்ளையுடன் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேசும் உரிமை வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது.

விசிட்டேஷன் ரைட்ஸ் என்பதைப் 'பார்வையிடும் உரிமை' என்று மொழிபெயர்க்கிறார்கள். பார்வையிடுவது அதிகாரிகள் செய்வது. அணையைப் பார்வையிடலாம், வெள்ளச் சேதத்தைப் பார்வையிடலாம். பேரனைப் பாட்டி பார்வையிடுவாரா? 'சந்திக்கும் உரிமை' என்பதே சரி.

மனுவில் வெறுமனே 'பேரனைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும்' என்று மட்டும் எழுதாமல் எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில், பண்டிகை நாளில் எப்படி என்பதையெல்லாம் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் உத்தரவு கையில் இருந்தும், "இன்றைக்கு வேண்டாம், அப்புறம் வாங்க" என்ற ஒரே பதிலில் மாதங்கள் ஓடிவிடும்.