நகத்தால் திறந்த போன்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் போன் திருத்துகிற கடையொன்றில் போன மாதம் ஒரு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டி வந்தது. அம்மாவின் போன் முதுகு விட்டிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே இரவிரவாக சார்ஜில் கிடந்து, உள்ளே பற்றரி ஊதி, பின்மூடியை ஒரு பக்கம் கிளப்பிவிட்டது. எந்தக் கம்பனி என்பதை விடுவோம். லித்தியம் பற்றரி உள்ள எதற்கும் வரக்கூடிய வருத்தம்தான் இது.

கடைத் தம்பி போனைக் காதருகே பிடித்து மெல்ல அமத்திப் பார்த்தார். "இது நகத்தால கழட்டுற காலத்துச் சாமான் இல்லை அக்கா. சூடு காட்டவேணும், இருங்கோ."

சூடேற்றும் தட்டை அவர் தயார் பண்ணும் வரை நான் மேசை லாச்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். உதிரிப்பாகத்துக்காக எடுத்து வைத்த செத்த போன்கள். அதிலே சாம்சங் கலக்ஸி எஸ் வரிசை மட்டும் கிட்டத்தட்ட ஆண்டுக்கொன்றாக இருந்தது. அவற்றை மேசையில் அடுக்கிப் பார்த்தால், பதினைந்து வருடத்தில் போன் எப்படி மாறியது என்பதைத் திரையைப் பார்க்காமல் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம் போலிருந்தது.

முதலாவது கலக்ஸி எஸ். 2010 மார்ச்சில் அறிமுகமானது. அந்த மாதம் எங்களில் பலர் இன்னும், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே. முகாம் மூடப்பட்ட 2012 செப்ரெம்பரில் இந்த வரிசை மூன்றாவது போனுக்கு வந்துவிட்டது. ஆக, வன்னிக்கு இந்தப் போன்கள் புதுப் பெட்டியில் வரவில்லை. யாரோ கொழும்பில் பாவித்து, வவுனியாவில் கைமாறி, கடைசியாகத்தான் இங்கே வந்தன.

4 அங்குலத் திரை, 1 கிகாஹேர்ட்ஸ் சிப், 5 மெகாபிக்சல் கமரா, 1500 மில்லி அம்பியர் மணித்தியாலப் பற்றரி. இன்றைக்கு இவையெல்லாம் சிரிப்பு வரும் எண்கள். ஆனால் மூடியின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதில் நகத்தை விட்டுக் கிளப்பினால் பிளாஸ்ரிக் மூடி 'டக்' என்று வரும். பற்றரியும் சிம்மும் கையில். கரண்ட் வராத கிராமங்களில் அந்தப் பள்ளத்தின் அருமை தெரியும். போனை வீட்டில் வைத்துவிட்டு, பற்றரியை மட்டும் சேர்ட் பொக்கற்றில் போட்டு சந்திக் கடைக்குக் கொண்டுபோவார்கள். இரண்டு கம்பிக் கால்களைப் பற்றரியின் முனைகளில் அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்ன சார்ஜர் ஞாபகமிருக்கிறதா? பற்றரி ஊதிவிட்டதா என்று பார்க்க, மேசையில் வைத்துச் சுண்டிவிடுவோம். பம்பரம் மாதிரிச் சுற்றினால் ஊதிவிட்டது, வேறு பற்றரி வாங்கவேண்டியதுதான்.

அப்படியானால் அந்த மூடியை ஏன் ஒட்டினார்கள்? காசு பிடுங்கத்தான் என்று பலர் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பௌதிகமும் இருக்கிறது.

லித்தியம் பற்றரியின் உள்ளே இரண்டு நீளமான தாள்கள், நடுவே மெல்லிய பிரிப்புத் தாள் ஒன்று, எல்லாம் பாய் மாதிரிச் சுருட்டியோ அடுக்கியோ இருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயன்கள் ஒரு தாளிலிருந்து கிளம்பி, திரவத்தினூடாக நீந்திப்போய், மற்றத் தாளில் இருக்கும் பென்சில் காரீயப் (கிரபைற்) படைகளின் இடுக்குகளில் குந்திக்கொள்ளும். போனைப் பாவிக்கும்போது திரும்பி வரும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மக்கள் கையால் கழற்றி, பொக்கற்றில் போட்டு, நிலத்தில் விழுத்தப்போகிற பற்றரி என்றால் அதைச் சுற்றி ஒரு கெட்டியான கூடு வேண்டும். போனுக்குள்ளும் அதற்கென்று சுவர் வைத்த ஓர் அறை வேண்டும். கூடும் சுவரும் மின்சாரம் சேமிக்காது, இடத்தை மட்டும் பிடிக்கும். கழற்றவே மாட்டார்கள் என்று தெரிந்தால், பற்றரியை மெல்லிய அலுமினியப் பையில் அடைத்துச் சட்டகத்தோடு ஒட்டிவிடலாம்.

சரி, மிச்சம் பிடித்த இடத்தில் பெரிய பற்றரி வைத்தார்களா? இதுதான் வேடிக்கை. 2014இல் வந்த எஸ்5, மூடி கழலும் போன், 8.1 மில்லிமீற்றர் தடிப்பு, 2800 மில்லி அம்பியர் மணித்தியாலம். 2015இல் கண்ணாடி முதுகோடு வந்த எஸ்6, ஒட்டிய போன், 6.8 மில்லிமீற்றர், பற்றரி 2550! இடத்தை மிச்சம் பிடித்து மெலிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மெமரி காட் போடும் இடத்தையும் எடுத்தார்கள். தண்ணீர் தாங்கும் தன்மையும் போனது. என்னைக் கேட்டால் இந்த வரிசையிலேயே அழகான போனும் அதுதான், அவசரப்பட்ட போனும் அதுதான். அதன் பற்றரியை எடுக்க, கண்ணாடியைச் சூடாக்கிக் கிளப்பி, நடுச் சட்டகத்தைக் கழற்றி, மதர்போர்ட்டையும் தூக்கவேண்டும். அடுத்த ஆண்டே எஸ்7 7.9 மில்லிமீற்றருக்குத் தடித்து, 3000 பற்றரியோடும் மெமரி காட்டோடும் திரும்பி வந்தது.

தண்ணீர் தாங்கும் தன்மையும் அந்தப் போனோடுதான் திரும்பியது. வாய்க்கால் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய விசயம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் வரம்பில் குனிகிற எவரின் மேல் பொக்கற்றும் ஆபத்தான இடம்தான். தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி என்றொரு தரக்குறி உண்டு. எஸ்5 ஐபி67: 1 மீற்றர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். கழலும் மூடியின் உட்பக்கம் ரப்பர் வளையம் ஒன்று ஓடும், சார்ஜர் குத்தும் ஓட்டைக்குத் தனி மூடி. அந்தச் சின்ன மூடியை மறந்துபோய் மூடாவிட்டால் கதை முடிந்தது. எஸ்7 ஐபி68: 1.5 மீற்றரில் 30 நிமிடம், சார்ஜர் ஓட்டைக்கு மூடியே இல்லை. உள்ளே போகும் வழிகளையெல்லாம் பசையாலும் ரப்பராலும் அடைத்துவிட்டார்கள். ஆனால் ஸ்பீக்கரை அடைக்க முடியாதே, சத்தம் வெளியே வரவேண்டுமே. அங்கே நுண்துளைச் சவ்வு ஒன்று வைப்பார்கள். காற்று போய்வரும். தண்ணீர்த் துளியோ தன் மேற்பரப்பு இழுவிசையால் உருண்டையாகத் திரண்டு, துளைக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கும். சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதற்கு அண்டின கணக்கு.

ஒன்று: இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில். முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவர்கள் ஐபி68 என்று நம்பி வள்ளத்தில் நனைய விடவேண்டாம். உப்புநீர் சார்ஜர் முனைகளைத் தின்றுவிடும்.

ஒட்டிய பற்றரிக்கு ஓர் எமனும் 2016இல் வந்தது. எஸ் வரிசையின் ஒன்றுவிட்ட அண்ணனான நோட் 7. தீப்பிடித்து, ஒரு முறை திருப்பி எடுத்து, மாற்றிக் கொடுத்தவையும் தீப்பிடித்து, கடைசியில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் காரணத்தைச் சொன்னார்கள். ஒரு கம்பனியின் பற்றரியில் மூலைக்கு இடம் போதாமல் உள்தாள் மடங்கியிருந்தது. மற்றக் கம்பனியின் பற்றரியில் பற்றவைத்த இடத்தில் துருத்திய உலோக முனை பிரிப்புத் தாளைக் குத்தியது. இரண்டு தாளும் தொட்டுக்கொண்டால் சேர்ந்த சக்தியெல்லாம் ஒரே கணத்தில் சூடாக வெளியேறும். அம்மாவின் போனில் நடந்தது அந்தளவு மோசமில்லை. வெக்கையில், அதுவும் முழுச் சார்ஜில், திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகிப் பையை ஊதவைக்கும். ஆனால் ஊசி பட்டால் பிரிப்புத் தாளும் கிழியும்; அதனால்தான் ஊதிய பற்றரியை ஊசியால் குத்திக் காற்றுப் போக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

திரைக்கு வருவோம். முதல் போனிலிருந்தே இந்த வரிசையின் பெருமை அமோலெட் திரைதான். சாதாரணத் திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும், முன்னால் உள்ள புள்ளிகள் யன்னல் மாதிரித் திறந்து மூடும். அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்கு. கறுப்பு என்றால் அணைந்த விளக்கு, அதற்குக் கரண்ட் செலவில்லை. கறுப்புப் பின்னணி வையுங்கோ என்று சொல்வது அதனால்தான். குறையும் உண்டு: நீலப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாகக் கிழடாகும், ஒரே படம் நெடுநாள் நின்றால் அதன் நிழல் தங்கிவிடும்.

எங்கள் வெயிலுக்கு முக்கியம் வேறொன்று. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 வீதம் திரும்பித் தெறிக்கும். பழைய திரைகளில் தொடுதட்டு வேறு, திரை வேறு, இடையில் காற்று. மதிய வெயிலில் பரந்தன் சந்தியில் நின்று போனைப் பார்த்தால் தெரிவது உங்கள் முகம்தான். சூப்பர் அமோலெட்டில் தொடுபடையைத் திரையோடேயே சேர்த்து அந்தத் தெறிப்பைக் குறைத்தார்கள். 2024இன் எஸ்24 அல்ட்ராவில் தெறிப்பைத் தடுக்கும் கண்ணாடியும், உச்சத்தில் 2600 நிற் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமும் வந்தன.

இடையில் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2017இல் எஸ்8 முன்பக்கப் பொத்தானை எடுத்துத் திரையை விளிம்புவரை நீட்டியது. 2019இல் எஸ்10 திரைக்குக் கீழிருந்து கேளா ஒலி அனுப்பி விரல் ரேகையைப் படித்தது. எஸ்20இல் ஹெட்போன் ஓட்டை போனது. எஸ்21இல் மெமரி காட் மறுபடி போனது, பெட்டியில் சார்ஜரும் இல்லை. கூடியது எது, குறைந்தது எது என்று நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

கமரா வேறு கதை. அங்கே உண்மையாகவே முன்னேறியிருக்கிறார்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் மாமாவுக்கு வயல். கதிர் முற்றும் காலத்தில் காவல் கொட்டிலில் இரவு முழிப்பு. யானை வந்த ஒரு இரவில் பழைய போனால் எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். கறுப்பில் கறுப்பு, மேலே தவிட்டைத் தூவிவிட்டது போலப் புள்ளி. "எங்க மாமா யானை?" என்று கேட்டால், "வலப்பக்கம் வடிவாப் பார் பிள்ளை" என்றார். வடிவாகப் பார்த்தும் தெரியவில்லை.

இருட்டில் கமராவுக்கு வருவது மிகக் கொஞ்ச ஒளித்துணிக்கைகள். சின்னப் புள்ளிக்கு அதிலும் குறைவு. அந்தச் சொற்பத்தில் தற்செயலான பிழை கலக்கும்போதுதான் தவிடு தூவும். எஸ்6இல் 16 மெகாபிக்சல், ஒரு புள்ளி 1.12 மைக்ரோமீற்றர். எஸ்7 துணிந்து 12 மெகாபிக்சலுக்கு இறங்கி, புள்ளியை 1.4 ஆக்கியது. கேட்க அற்ப வித்தியாசம், ஆனால் பரப்பளவில் ஒன்றரை மடங்குக்கு மேல். வில்லையின் வாயையும் அகட்டியதால் ஒவ்வொரு புள்ளிக்கும் சேர்ந்த ஒளி ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடைக்காரர் எண்ணைக் காட்டி விற்கும் காலத்தில் எண்ணைக் குறைத்த அந்த முடிவு எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஏன் எஸ்20 அல்ட்ராவில் 108, எஸ்23 அல்ட்ராவில் 200 மெகாபிக்சல்? இருட்டில் அவை அத்தனையும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. முதலாவதில் ஒன்பது, இரண்டாவதில் பதினாறு புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகும். இரண்டிலும் சேர்ந்த புள்ளியின் அகலம் 2.4 மைக்ரோமீற்றர். ஒரு கொட்டிலிலிருந்து ஒருவன் "யானை!" என்று கத்தினால் நித்திரைத் தூக்கம் என்று விடுவோம். ஒன்பது கொட்டிலிலிருந்தும் கத்தினால் யானை வெடி கொளுத்துவோம். ஒருவனின் தடுமாற்றம் மற்றவர்களின் குரலில் அடங்கிப்போகும். இரவு முறையும் இதே வித்தைதான், இடத்துக்குப் பதில் நேரத்தில்: அடுத்தடுத்துப் பல படம் எடுத்து, கை ஆடியதைச் சரிக்கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைப்பது.

இதற்கும் எல்லை உண்டு. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அறையை இருட்டாக்கி, தூர நின்று சாம்சங் போனால் எடுத்துக் காட்டினார். படத்தில் இல்லாத பள்ளங்கள் போனில் தெளிவாக வந்தன. நிலவென்று அடையாளம் கண்டால் மென்பொருள் விவரத்தை மெருகேற்றும் என்று சாம்சங்கும் விளக்கியது. நிலவுக்குப் பரவாயில்லை, அது எங்கேயும் போகாது. மாமாவுக்கு வேண்டியது வந்து நின்ற யானை. வரைந்த யானை அல்ல.

தட்டு சூடாகிவிட்டது. தம்பி பின்மூடியின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டை விட்டு, மூச்சைப் பிடித்தபடி சுற்றிவர இழுத்தார். ஒட்டியிருந்த பசை நூல் நூலாக இழுபட்டது. பற்றரியின் கீழே கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு, ஊதலைக் குத்தாமல் பக்குவமாகக் கிளப்பி, மண் போட்ட ரின்னுக்குள் வைத்தார். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், புதுப் போன் வாங்க வழியில்லாமல் ஆட்கள் பழசைக் கொண்டுவந்து குவித்தார்களாம். அப்போதுதான் கை பழகியதாம்.

"எஸ்24க்கு ஏழு வருசம் அப்டேற் தாறானாம் அக்கா" என்றார் வேலையை விடாமல். முதல் கலக்ஸி எஸ் அன்ட்ரொயிட் 2.3ஓடு நின்றுபோனது, நான்காம் பதிப்பைக் காணவேயில்லை. மென்பொருள் ஏழு வருடம் ஓடும் என்றால், அந்த வெக்கையில் பற்றரி ஓடுமா என்பதுதான் கேள்வி. ஐரோப்பாவில் 2027 பெப்ரவரியிலிருந்து கையடக்கச் சாதனங்களின் பற்றரியை உரிமையாளரே மாற்றக்கூடியதாகச் செய்யவேண்டும் என்று சட்டம். ஆனால் ஆயிரம் தரம் சார்ஜ் ஏற்றியும் 80 வீதம் மிஞ்சுகிற, தண்ணீர் தாங்குகிற போன்களுக்கு விலக்கு உண்டு. தண்ணீர் தாங்கவேண்டும் என்றால் ஒட்டத்தான் வேண்டும் என்பது முழு உண்மையும் அல்ல. சாம்சங்கே எக்ஸ்கவர் என்ற வரிசையில் கழலும் பற்றரியையும் ஐபி68ஐயும் ஒன்றாகத் தருகிறது. தடிப்பாக இருக்கும், அழகு போதாது. வயலுக்கு அதுவே போதும் என்பேன்.

புதுப் பற்றரி போட்டு, விளிம்பைச் சுரண்டித் துடைத்து, புதுப் பசை நாடா சுற்றி, மூடியை வைத்து, நாலு பக்கமும் கவ்வி போட்டார். அரை மணித்தியாலம் இருக்கட்டும் என்றார்.

"இனித் தண்ணி தாங்குமோ?" என்று கேட்டேன்.

"கொம்பனி ஒட்டின மாதிரி வராது அக்கா. அம்மாட்டச் சொல்லுங்கோ, கிணத்தடிக்குக் கொண்டுபோக வேண்டாமெண்டு. மற்றது, இரவில சார்ஜில போட்டுட்டுப் படுக்கவும் வேண்டாம்."

முதலாவதைச் சொல்லலாம். இரண்டாவதை அம்மா கேட்கமாட்டா.