மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும் என்ற பழக்கம்

ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதி, தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, சக நிரலாளர்களின் ஒப்புதலையும் பெற்றுவிட்டார். ஜிபியு என்னும் வரைகலைச் சில்லை இயக்கும் நிரல்களான டிரைவர்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் ஷேடர் கம்பைலரில் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்களை மொழிமாற்றும் பகுதி) ஒரு குறிப்புரையில் இருந்த எழுத்துப்பிழையைத்தான் அவர் திருத்தியிருக்கிறார். இயங்கும் நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. ஆனாலும் அது பொதுக் கோப்பு என்பதால் அத்தனை டிரைவர்களின் சோதனைகளும் ஓடுகின்றன, எங்கோ ஓர் ஆய்வகத்தில் உள்ள ஏஆர்எம் போர்டு ஒன்றில் ஒரு ஜாப், அதாவது ஒரு தொகுதிச் சோதனை, தோற்றுச் சிவப்பாகிறது. காரணம் தன்னுடையதல்ல என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். மீண்டும் ஓட்டும் பொத்தானை அழுத்துகிறார், பச்சையாகிறது, திருத்தம் உள்ளே போகிறது, அந்தச் சிவப்பைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் நினைப்பதில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர்களின் தொடர் ஒருங்கிணைப்பை (சிஐ: ஒவ்வொரு திருத்தத்தையும் தானாகச் சோதிக்கும் ஏற்பாடு) பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், அந்தப் பொத்தானைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

மேசா திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1993இல் பிரையன் பால் தொடங்கி, 1995இல் முதன்முதலாக வெளியிட்ட இந்த நூலகம்தான் இன்று லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் ஓப்பன்ஜிஎல், வல்கன் என்னும் வரைகலை இடைமுகங்களை இயக்குகிறது. அதன் நிரல் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேப் வழங்கியில் இருக்கிறது. அங்கே யாரும் முதன்மைக் கிளையில் நேரடியாக நிரலைச் சேர்ப்பதில்லை. ஒப்புதல் பெற்ற மெர்ஜ் ரிக்வெஸ்ட்டை (சேர்க்கக் கோரும் திருத்தத்தை) மார்ஜ் என்னும் தானியங்கி நிரலிடம் ஒப்படைக்கவேண்டும். மார்ஜ் அதை முதன்மைக் கிளையின் அன்றைய நிலைமேல் அமர்த்தி, பைப்லைனை, அதாவது அதற்கான ஜாப்களின் வரிசையை, ஓட்டி, எல்லாம் தேறினால் மட்டுமே சேர்க்கும். ஒன்று தோற்றாலும் வரிசையிலிருந்து வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பதால், ஒருவருடைய தாமதம் அவருக்குப் பின்னால் நிற்கும் அனைவருடைய தாமதமாகிவிடுகிறது.

இணையதளங்களுக்கோ செயலிகளுக்கோ அமைக்கும் சிஐயிலிருந்து இது வேறுபடும் இடம், உண்மையான வன்பொருள். லேவாபைப் போன்ற, ஜிபியு இல்லாமலே ஓடும் மென்பொருள் டிரைவர்களை எந்த வழங்கியிலும் சோதித்துவிடலாம். அட்ரினோ, மாலி, வீடியோகோர் ஆகிய ஜிபியுக்களுக்கான டிரைவர்களை அந்தந்தச் சில்லின்மேல்தான் சோதிக்கமுடியும். ஆகவே குரோம்புக்குகளும் ராஸ்பெர்ரி பை போர்டுகளும் அடுக்குகளில் வரிசையாக வைக்கப்பட்டு, ஒவ்வொரு ஜாப்புக்கும் மின்சாரம் துண்டித்துத் தரப்பட்டு, வலையமைப்பு வழியாகக் கெர்னலை ஏற்றி, சீரியல் கேபிள் வழியாக வரும் எழுத்துகளைப் படித்துச் சோதனை முடிந்ததா என்று அறியவேண்டியிருக்கிறது. ஒரு தளர்ந்த கேபிளும், ஒரு சோர்ந்த எஸ்டி அட்டையும், டிரைவரின் பிழையும் ஒரே சிவப்பு நிறத்தில்தான் வந்து நிற்கும்.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரு பைப்லைனில் 100 சோதனை ஜாப்கள் ஓடுவதாகவும், ஒவ்வொன்றும் 200 முறைக்கு ஒருமுறை காரணமின்றித் தோற்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இது மிக நல்ல நிலைமை என்றே தோன்றும். ஆனால் நூறும் ஒருசேரத் தேறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 61 விழுக்காடுதான். பத்தில் நான்கு முறை, எந்தத் தவறும் செய்யாத ஒருவர் வரிசையிலிருந்து தள்ளப்படுகிறார். அந்த வாய்ப்பை 90 விழுக்காடாக உயர்த்தவேண்டுமென்றால் ஒவ்வொரு ஜாப்பும் ஆயிரத்துக்கு ஒருமுறைதான் தடுமாறலாம். மேசாவின் ஆவணத்தில், ஒரு டிரைவரின் பண்ணை (அதைச் சோதிக்கும் போர்டுகளின் தொகுதி) வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பொய்த் தோல்வி தரக்கூடாது என்றும், பைப்லைன் முழுவதற்குமான தன் ஜாப்களை 15 நிமிடத்துக்குள் முடிக்கவேண்டும் என்றும் விதி எழுதப்பட்டிருப்பது இதனால்தான். புதிதாக வருபவர்கள் இந்த விதியைக் கெடுபிடி என்று நினைக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் தாராளமாகவே படுகிறது.

இந்தத் தடுமாற்றங்களை எங்கள் வட்டத்தில் ஃப்ளேக் என்கிறோம். வல்கன் தரநிலையை வகுக்கும் க்ரோனோஸ் அமைப்பின் வல்கன் இணக்கச் சோதனைகளின் எண்ணிக்கை மட்டுமே பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது. அவற்றைக் கூறுகளாகப் பிரித்து ஓட்டுவதற்கு டிஇக்யூபி-ரன்னர் என்னும் கருவி இருக்கிறது. எதிர்பாராத முடிவு வந்தால் அது அந்தச் சோதனையை மறுபடி ஓட்டிப் பார்க்கும். இரண்டாம் முறை முடிவு மாறினால் அதை ஃப்ளேக் எனக் குறித்துவைக்கும். ஒவ்வொரு டிரைவருக்கும் மூன்று பட்டியல்கள் உண்டு: தோற்கும் எனத் தெரிந்தவை, தடுமாறுபவை, ஓட்டவே கூடாதவை. தோற்கும் எனப் பட்டியலிட்ட ஒரு சோதனை திடீரெனத் தேறிவிட்டாலும் ஜாப் சிவப்பாகும் என்பது இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பிழையைச் சரிசெய்தவர் அதே திருத்தத்தில் பட்டியலிலிருந்தும் அதை நீக்கியாகவேண்டும். அதனால் பட்டியல் பழசாவதில்லை. தடுமாறுபவற்றின் பட்டியலுக்கோ இப்படிப்பட்ட காவல் கிடையாது. அதில் நுழைந்த பெயர் தானாக வெளியே வராது.

அந்தப் பட்டியலால் நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு டிரைவருக்காக எட்டு போர்டுகள் வைத்திருந்தோம். ஜிபியுவில் ஓடும் கணக்கீட்டு நிரல் (கம்ப்யூட் ஷேடர்) எழுதிய பஃபர் என்னும் நினைவகப் பகுதியைத் திரும்பப் படிக்கும் ஒரு சோதனை, சுமார் ஐம்பது முறைக்கு ஒருமுறை தோற்றுக்கொண்டிருந்தது. பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது தோல்விகள் அனைத்தும் இரண்டு போர்டுகளிலிருந்தே வந்திருந்தன. வன்பொருள் கோளாறு என்று முடிவுகட்டினோம். மின்வழங்கியை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், பலனில்லை. வேலை நெருக்கடியில் நானே அந்தச் சோதனையின் பெயரைத் தடுமாறுபவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு பயனர், விளையாட்டு ஒன்றில் நிழல்கள் மினுக்குவதாகப் புகார் அனுப்பினார். தேடிக்கொண்டே போனபோது, ஓர் எழுதும் வேலைக்கும் அடுத்த படிக்கும் வேலைக்கும் இடையே ஜிபியுவின் கேஷில் (இடைத்தேக்கத்தில்) உள்ளதை மெயின் மெமரியில் எழுதி முடிக்கும் வரை காத்திருக்கவேண்டிய ஒரு கட்டளையை டிரைவர் அனுப்பவில்லை என்று தெரிந்தது. அந்தப் பஃபர் சோதனை தோற்றதற்கும் அதுவே காரணம். அந்த இரண்டு போர்டுகளில் மட்டும் வெப்பத்தகடு பொருத்தப்படவில்லை. சூடு ஏறியபோது அவை தம் கடிகார வேகத்தைக் குறைத்துக்கொண்டன. மற்ற ஆறு போர்டுகளில் தற்செயலாக நேரத்துக்கு முடிந்துவந்த எழுதும் வேலை, இவற்றில் பிந்தியது. பழுதான போர்டுகள் என்று நாங்கள் ஒதுக்கியவை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. திருத்தம் ஒரே வரி. அதற்காக ஒரு பயனர் எத்தனை மாலைகளை வீணாக்கினாரோ, அவர் எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை பேர் அந்த மினுக்கலோடு பழகிப்போயிருப்பார்களோ என்ற எண்ணம் எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

திருத்தியபின் சரிபார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐம்பதுக்கு ஒருமுறை தோற்கும் சோதனையை ஐம்பது முறை ஓட்டி, ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்றால் சரியாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. எதையுமே திருத்தாமல் விட்டிருந்தாலும் அந்த ஐம்பதும் தேறுவதற்கு 36 விழுக்காடு வாய்ப்புண்டு. ஐயத்தை ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர ஏறத்தாழ 150 முறை ஓட்டவேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் மூடப்பட்ட புகார்கள் மீண்டும் திறக்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோதனைகள் ஒவ்வொன்றும் தனித்து ஓடுவதில்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பல நூறு சோதனைகள் ஒரே புராசஸில் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒன்று ஜிபியுவை உறைந்து நிற்கவைத்தால், குற்றமற்ற அடுத்த சோதனையின் பெயரில் தோல்வி பதிவாகலாம். இணக்கச் சோதனைகளின் பதிப்பைப் புதுப்பித்தால் சேர்ந்து ஓடும் சோதனைக் குழுக்கள் மாறி, நேற்றுவரை தேறியது இன்று தடுமாறத் தொடங்கும். பெயரைப் பட்டியலில் சேர்ப்பதற்குமுன், அதற்கு முன்னால் ஓடியது எது என்று பாருங்கள்.

மீண்டும் ஓட்டுவது இலவசமும் அல்ல. 2020 பிப்ரவரியில், ஃப்ரீடெஸ்க்டாப்பின் செலவை ஏற்றிருந்த எக்ஸ்.ஆர்க் அறக்கட்டளை, கிட்லேப் வழங்கிக்கான அவ்வாண்டுச் செலவு 75,000 டாலரை எட்டும் என்று மதிப்பிட்டு, ஆதரவாளர்கள் கிடைக்காவிட்டால் சிஐயையே நிறுத்த நேரும் என்று அறிவித்தது. மேகக்கணினியிலிருந்து வெளியே இறங்கும் தரவுக்கான கட்டணம் அதில் பெரும்பங்கு. ஒவ்வொரு ஜாப்பும் கன்டெய்னர் படிமங்களையும் (சோதனைச் சூழலைப் பொதிந்த கோப்புகள்) கட்டப்பட்ட கோப்புகளையும் பதிவிறக்குகிறது அல்லவா? பதிவிறக்கியதை அருகிலேயே சேமித்துவைக்கும் உள்ளூர்த் தேக்ககங்கள் வந்தபின் நிலைமை சீரானது. என்றாலும் காரணம் பார்க்காமல் அழுத்தும் ஒவ்வொரு மறு ஓட்டமும் யாரோ ஒருவரின் நன்கொடையைத்தான் செலவழிக்கிறது.

பண்ணையே பழுதானால் தயங்கவே கூடாது. மேசாவில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு சிறு கோப்பு இருக்கிறது. அதை முடக்கப்பட்டவற்றுக்கான அடைவுக்கு நகர்த்தினால் அந்தப் பண்ணையின் ஜாப்கள் எவையும் ஓடாது. தன் பண்ணையைத் தானே முடக்குவதில் மானக்குறைவு ஏதுமில்லை. நள்ளிரவில் மின்தடை வந்தபோது காலைவரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்று விடுபவர், வேறு நேர மண்டலத்தில் பகல்பொழுதில் இருக்கும் அத்தனை பேரையும் காக்கவைக்கிறார்.

அந்த இரண்டு போர்டுகளுக்கும் பிறகு வெப்பத்தகடு பொருத்தினோம். கூடவே, அவற்றின் ஜிபியு கடிகார வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, மெர்ஜ் வழியிலிருந்து விலக்கி, இரவுதோறும் முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டும் பணியில் அமர்த்தினோம். முதல் மாதத்திலேயே, மற்ற ஆறு போர்டுகளும் ஒருமுறைகூடக் காட்டாத இன்னும் இரண்டு ஒத்திசைவுப் பிழைகளை அவை கண்டுபிடித்துக் கொடுத்தன.