ஜிர்கா: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆப்கானிஸ்தான் செய்தி எதை எடுத்தாலும் ஜிர்கா, லோய ஜிர்கா என்று ஒரு சொல் வந்து நிற்கும். தமிழில் எழுதும்போது அதைப் பழங்குடியினர் மாநாடு என்போம், பேரவை என்போம், சில நேரம் பஞ்சாயத்து என்றே முடித்துவிடுவோம். எனக்கு மூன்றுமே ஒப்பவில்லை.

பஷ்தோ மொழியில் ஜிர்கா என்றால் குலத்துப் பெரியவர்கள் கூடி, பேசித் தீர்க்கிற கூட்டம். லோய என்றால் பெரிய. சொல்லின் வேர் பாரசீகம் வழியாக மங்கோலிய மொழிக்குப் போகிறது என்று சொல்கிறார்கள். அங்கே ஜெர்கே என்பது வரிசை, குறிப்பாக வேட்டையில் ஆட்கள் விலங்கை வளைத்து நிற்கிற வளையம். வளைத்துப் பிடிக்க நின்ற வளையம், உட்கார்ந்து பேசுகிற வளையமாகிவிட்டது.

இப்போதும் வட்டமாகத்தான் உட்காருகிறார்கள். வட்டத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது, யாரும் யாருக்கும் மேலே இல்லை. கை தூக்கி வாக்கெடுப்பது வழக்கமில்லை, எல்லாரும் ஒத்துக்கொள்கிற வரை பேச்சு போகும், நாள்கணக்கில்கூட. இரண்டு குடும்பத்துக்குள் வெட்டுக்குத்து என்றால் முதலில் இரு தரப்பும் ‘நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்’ என்று ஜிர்காவுக்கு ‘வாக்’ கொடுக்க வேண்டும் (நம்முடைய வாக்கு என்று நினைத்துவிட வேண்டாம், இதற்கு அதிகாரம் என்று பொருள்). பணமோ துப்பாக்கியோ பிணையாக வைப்பதும் உண்டு, பேச்சு மாறினால் அது போய்விடும். அப்புறம் ‘திகா’ வைப்பார்கள். திகா என்றால் கல். கல் வைத்துவிட்டால் பேச்சு முடியும்வரை கை ஓங்கக் கூடாது, ஓங்கினால் தண்டம்.

இவ்வளவு சொன்னதால் இதைப் பொற்காலம்போல நினைக்க வேண்டாம். மரபான ஜிர்காவில் பெண்களுக்கு இடமில்லை. கொலைப்பகை தீரக் கொன்றவன் வீட்டுப் பெண்ணை இறந்தவன் குடும்பத்துக்குக் கட்டிக்கொடுக்கிற ‘பாத்’ வழக்கமும் இதே வட்டத்தில்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது.

லோய ஜிர்கா இதைவிடப் பெரிய ஏற்பாடு. 1747இல் கந்தஹாரில் கூடிய தலைவர்கள் அகமது ஷா துரானியை அரசராக ஏற்றார்களே, அதையே முதலாவதாகச் சொல்வார்கள். 1964 அரசியல் சட்டமும் லோய ஜிர்கா வழியாகத்தான் வந்தது. தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின் புதிய அரசியல் சட்டத்துக்காக 2003 டிசம்பரில் காபூலில் 502 பேர் கூடினார்கள். மலாலாய் ஜோயா என்ற இளம்பெண் எழுந்து, நாட்டை நாசமாக்கிய ஆயுதக்குழுத் தலைவர்களை எதற்கு இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் அவையே கொந்தளித்தது. 2004 ஜனவரியில் நிறைவேறிய அந்தச் சட்டப்படி லோய ஜிர்காவில் மாவட்ட மன்றத் தலைவர்களும் இருக்க வேண்டியிருந்தது, ஆனால் மாவட்ட மன்றத் தேர்தல் கடைசிவரை நடக்கவே இல்லை. அதனால் அதற்குப்பின் கூடியவை எல்லாம் ஆலோசனைக் கூட்டங்கள்தான்.

எனக்குப் படுவது இது: வட்டம் என்று பெயர் வைத்த அந்த நாட்டில், அமைதிக்காகக் கூடிய வட்டம் ஒருமுறைகூட முழுதாகவில்லை. 2001இல் ஜெர்மனியின் பான் நகரில் அடுத்த அரசு பற்றிப் பேசியபோது தாலிபான்களை அழைக்கவில்லை. 2010 ஜூனில் அப்போதைய அதிபர் கர்சாய் அமைதி ஜிர்கா கூட்டினார், சுமார் 1,600 பேர் வந்தார்கள், தாலிபான்கள் வரவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே ராக்கெட்டுகள் விழுந்தன, பதறி எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அதன்பின் அமைந்த உயர் அமைதிக் குழுவுக்குத் தலைவரான புர்ஹானுதீன் ரப்பானியை 2011 செப்டம்பரில் சமாதானச் சேதி கொண்டு வந்ததாகச் சொன்ன ஒருவன், தலைப்பாகையில் ஒளித்த குண்டால் கொன்றான். 2020 பிப்ரவரி 29இல் கத்தாரின் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது காபூல் அரசு அந்த வட்டத்தில் இல்லை. ஆனால் தாலிபான் கைதிகளை விடுவிக்க வேண்டியது மட்டும் அந்த அரசு! கடைசி 400 பேரை விடுவதா என்று அந்த ஆகஸ்டில் லோய ஜிர்கா கூட்டிக் கேட்டார்கள், அதுவும் சரி என்றது. ஓராண்டில், 2021 ஆகஸ்ட் 15இல், காபூல் தாலிபான் கைக்குப் போனது. 2022இல் அதே லோய ஜிர்கா மண்டபத்தில் தாலிபான்கள் ஆயிரக்கணக்கான மதகுருமாரைக் கூட்டினார்கள், பெண்கள் ஒருவர்கூட இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பஞ்சாயத்து என்றாலே ஐந்து பேர், தீர்ப்புச் சொல்ல ஒரு நாட்டாமை என்ற படம் வந்துவிடுகிறது, ஜிர்கா அது இல்லை. மாநாட்டில் பேசுவார்கள், கலைவார்கள், யாரும் எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. பேரவை என்றால் சட்டப்பேரவை நினைவுக்கு வரும். போதாததற்கு 2021 வரை இருந்த ஆப்கன் நாடாளுமன்றத்தின் கீழவைக்கே வொலேசி ஜிர்கா என்றுதான் பெயர், அதை மக்களவை என்று எழுதினால் பொருந்தும். மூத்தோர் அவையான மெஷ்ரானோ ஜிர்காவை மேலவை எனலாம்.

ஜிர்காவுக்கு நான் சொல்வது மன்றம். சங்கப் பாடல்களில் மன்றம் என்பது ஊர் நடுவே மரத்தடியில் எல்லாரும் கூடுகிற பொதுவிடம், அதிலிருந்துதான் நீதிமன்றம் வரை வந்திருக்கிறோம். ரசிகர் மன்றம் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொண்டது உண்மை, ஆனால் அதற்காகச் சொல்லை விட்டுவிட முடியாது. லோய ஜிர்கா, பெருமன்றம். முதல்முறை மூலச் சொல்லையும் சேர்த்து எழுதிவிட்டு, அப்புறம் பெருமன்றம் என்றே போகலாம்.

திகாவுக்குப் போர்நிறுத்தம் என்று போட்டால் அந்தக் கல் காணாமல் போகிறது, அதனால் ‘கல் வைத்தல்’ என்று அப்படியே எழுதலாம் என்பேன். 2018 ஜூனில் நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் ஆப்கன் அரசு, தாலிபான் இரு தரப்பும் சண்டையை நிறுத்தின. தாலிபான்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு நகரங்களுக்குள் வந்தார்கள், சிப்பாய்களைக் கட்டிப்பிடித்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள், ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அரசு இன்னும் சில நாள் நீட்டிப்போம் என்றது. தாலிபான் தலைமை மறுத்து எல்லாரையும் திரும்ப வரச் சொன்னது.