ஆப்பிள் கிரம்பிளில் பழம் ஒரு நாள் துண்டாக நிற்கிறது, ஒரு நாள் கூழாகிறது: ஏன்?

லண்டனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குளிர்காலம் வந்தால் எங்கள் வீட்டில் அடிக்கடி ஆப்பிள் கிரம்பிள் செய்வேன். அதே கடை, அதே ரக ஆப்பிள், அதே அளவு சர்க்கரை. ஒரு தடவை செய்தால் பழம் துண்டு துண்டாக அழகாக நிற்கிறது. இன்னொரு தடவை எல்லாம் கரைந்து கூழாகி, மேலே போட்ட மாவும் நனைந்து சொதசொதத்துவிடுகிறது. என்ன காரணம்?"

கூடவே ஒரு விவரமும் எழுதியிருந்தார். பழம் நன்றாக வந்த நாளில், நறுக்கிய ஆப்பிளை மிகச் சிறு தீயில் மூடி வைத்துவிட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கப் போயிருக்கிறார். திரும்பி வர அரை மணி நேரமாகிவிட்டது. கூழான நாளில் அவசரம். தீயைக் கூட்டி வைத்துச் சில நிமிடங்களிலேயே கொதிக்கவிட்டு இறக்கியிருக்கிறார்.

அதிக நேரம் அடுப்பில் இருந்த பழம் உறுதியாக நின்றது. சட்டென்று இறக்கிய பழம் குழைந்துவிட்டது. கேட்டவுடன் தலைகீழாகத் தோன்றும். ஆனால் அதுதான் சரி. பழத்துக்குள் நடக்கும் வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது.

கிரம்பிளைச் செய்து பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: அடியில் நறுக்கிய பழம், மேலே மாவு, வெண்ணெய், சர்க்கரை மூன்றையும் பிசறிய உதிரி. 180 டிகிரியில் முக்கால் மணி நேரம்போல ஓவனில் வைத்தால் மேல்பகுதி பொன்னிறமாகும், ஓரங்களில் பழச்சாறு கொப்பளிக்கும். சூடாகக் கஸ்டர்டு ஊற்றிச் சாப்பிடுவார்கள். இங்கிலாந்தில் இது வீட்டுக்கு வீடு பரவியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. ரேஷன் முறை முழுவதுமாக முடிய 1954 ஆனது. பழத்தை மாவுறைக்குள் வைத்துச் சுடும் 'பை' (pie) செய்வதற்கு மாவைப் பிசைந்து, தேய்த்து, பாத்திரம் முழுக்க விரிக்க வேண்டும். அதற்குக் கொழுப்பு நிறைய வேண்டும். கிரம்பிளுக்கு இருப்பதைத் தூவினால் போதும்.

மேல் மாவின் கணக்கு எளிது: மைதா 200 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 100. கோதுமை மாவில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் கைகோத்து குளூட்டன் என்ற இழுவையான வலையாகின்றன. பரோட்டா மாவை விசிற முடிவது அதனால்தான். கிரம்பிளுக்கு அந்த வலை வேண்டாம். குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் தேய்க்கும்போது ஒவ்வொரு மாவுத் துகள் மீதும் கொழுப்பு படிகிறது. தண்ணீர் புரதத்தை எட்டுவதில்லை. மிச்சமிருக்கும் ஈரத்தையும் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். வெண்ணெய் உருகத் தொடங்குவது 30 டிகிரிக்குச் சற்று மேலே. அதனால் உள்ளங்கையை வைத்துப் பிசைந்தால் மாவு பசையாகிவிடும், விரல் நுனியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேல் மாவைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். சுவாரசியமெல்லாம் அடியில் இருக்கிறது.

ஆப்பிள் துண்டு ஒன்று கோடிக்கணக்கான செல்களின் அடுக்கு. ஒரு செல்லின் சுவரையும் பக்கத்துச் செல்லின் சுவரையும் ஒட்டிப் பிடித்திருக்கும் பசையின் பெயர் பெக்டின். 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராகோனோ இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். ஜாம் உறைவதும் இதனால்தான். பழம் குழைவது என்றால் செல்கள் நசுங்குவது மட்டுமல்ல, அவற்றை ஒட்டியிருந்த பெக்டின் கரைந்து செல்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகுவதும்தான்.

பெக்டின் ஒரு நீளமான சங்கிலி. நூற்றுக்கணக்கான கண்ணிகள். சர்க்கரை மூலக்கூறுக்கு நெருங்கிய உறவான ஓர் அமிலம்தான் ஒவ்வொரு கண்ணியும். அதாவது, ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் அமில முனை நீட்டிக்கொண்டிருக்கும். ஆப்பிளில் இந்த முனைகளில் பெரும்பாலானவற்றை மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டம் மூடியிருக்கிறது. இந்த மூடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சக் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

வெப்பம் 80 டிகிரியைத் தாண்டியதும் பெக்டின் சங்கிலி அறுபடத் தொடங்குகிறது. எங்கே அறுபடும் என்பதற்கும் ஒரு விதி உண்டு: மூடி போட்ட கண்ணிக்கு அருகில்தான் அறுபடும். மூடி நிறைய இருந்தால் வெட்டும் நிறைய விழும். சங்கிலி சிறு சிறு துண்டாகிச் சாற்றில் கரைந்துவிடும், பழம் கூழாகும். வாசகியின் அவசர நாளில் நடந்தது இதுதான்.

நிதானமாகச் சூடேறிய நாளில் வேறொன்று நடந்தது. ஆப்பிளுக்குள்ளேயே, செல்சுவரில், ஒரு நொதி இருக்கிறது. அதன் ஒரே வேலை பெக்டினின் மெத்தில் மூடிகளைக் கழற்றுவது. அறை வெப்பத்தில் மெதுவாகத்தான் வேலை செய்யும். 55 முதல் 65 டிகிரி வரை அதற்கு உற்சாகம் வந்துவிடும். 80ஐ நெருங்கும்போது நொதியே சிதைந்து செயலிழந்துவிடும். ஆக, 55க்கும் 65க்கும் இடையே பழம் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே கேள்வி. உயர்ந்த தீயில் அந்த இடைவெளியை ஓரிரு நிமிடங்களில் கடந்துவிடுவோம், நொதிக்கு அவகாசமே கிடைக்காது. சிறு தீயில் அரை மணி நேரம் இருந்தால் மூடிகள் வரிசையாகக் கழன்றுகொண்டே போகும்.

மூடி கழன்றால் என்ன லாபம்? இரண்டு லாபம். ஒன்று, வெட்டு விழும் இடங்கள் குறைந்துவிட்டன. இன்னொன்று அதைவிடப் பெரியது. மூடி கழன்ற அமில முனையில் எதிர்மின்னூட்டம் வெளிப்படும். கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டம். அது ஒரு பக்கம் ஒரு சங்கிலியையும் மறுபக்கம் அடுத்த சங்கிலியையும் பிடித்துக்கொள்கிறது. இப்படிக் கால்சியம் வரிசையாக உட்கார்ந்தால், முட்டை அடுக்கும் அட்டையைப் போல இரண்டு சங்கிலிகளும் வளைந்து வளைந்து குழிகளாக, குழிக்கு ஒரு கால்சியமாக இறுகிவிடுகின்றன. 1973இல் இந்த அமைப்பை விளக்கிய பிரிட்டன் ஆய்வாளர்கள் அதற்கு முட்டை அட்டை மாதிரி என்றே பெயர் வைத்தார்கள்.

கால்சியத்தை யாரும் வெளியிலிருந்து போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அது பழத்திலேயே இருந்ததுதான். ஏறக்குறைய இதே வெப்பத்தில் செல்களின் உள்சவ்வு கிழிந்து உள்ளே இருந்த சாறெல்லாம் வெளியேறுகிறது, அயனிகளும் தாராளமாக நடமாட முடிகிறது. கத்தரியிட வேண்டிய இடம் குறைகிறது, அதே முனைகள் கட்டுப்போடும் இடங்களாக மாறுகின்றன, கட்டுப்போடக் கால்சியமும் வந்து சேர்கிறது. மூன்றும் ஒரே பத்து டிகிரி இடைவெளிக்குள் நடக்கின்றன! ஒருமுறை இப்படி இறுகிய பழத்தைப் பிறகு 180 டிகிரி ஓவனில் வைத்தாலும் அது மிருதுவாகுமே தவிர எளிதில் கரைந்துபோகாது.

கால்சியத்தின் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு ஆக்ராவின் பேட்டா சாட்சி. வெண்பூசணித் துண்டுகளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் பாகில் வேகவைக்கிறார்கள். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் பெக்டினை இறுக்கிவிடுவதால் இவ்வளவு நீர்க்காய் பாகில் கொதித்தும் உருக்குலையாமல் நிற்கிறது. நொதியியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே சமையல்காரர்கள் கைப்பழக்கத்தில் கண்டுபிடித்துவிட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அமிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. பி.எச் 4 என்ற புளிப்பு அளவில் பெக்டின் சங்கிலி அறுபடும் வேகம் மிகவும் குறைந்துவிடும். காரத்தன்மை ஏறினால் வேகம் கூடும். புளி ஊற்றிய பிறகு காய் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதும், கொண்டைக்கடலை சீக்கிரம் வேகச் சமையல் சோடா போடுவதும் இந்த ஒரே விதியின் இரண்டு முனைகள். ஆப்பிளில் எலுமிச்சைச் சாறு பிழிவது நிறம் கறுக்காமல் இருக்க என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான். கூடவே துண்டு நிற்கவும் அது உதவுகிறது.

சரி, இதை வீட்டில் எப்படிச் செய்வது? வெப்பமானி தேவையில்லை, பள்ளிக்கூடத்துக் கணக்கு போதும். 20 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஆப்பிள் துண்டுகள், 100 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர். ஆப்பிளில் பெரும்பகுதி தண்ணீர்தான், அதனால் இரண்டையும் சமமாகவே எடுத்துக்கொள்ளலாம். கலந்தால் சராசரி 60 டிகிரி. நமக்கு வேண்டியதும் அதுதான். கொதிநீரைத் துண்டுகள் மீது ஊற்றி, கனமான பாத்திரத்தில் இறுக மூடி, 20 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு நன்றாக வடித்து, துணியில் ஒற்றி, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஓவன் பாத்திரத்தில் பரப்பலாம். பழம் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்தால் கணக்கு 52, 53 டிகிரியில் நின்றுவிடும். முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கூழாவதையே விரும்புகிறவர்கள் இங்கிலாந்தில் ஏராளம். அவர்களுடைய ஆப்பிளின் பெயர் பிராம்லி. நாட்டிங்காம்ஷர் மாவட்டத்தின் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற பெண் 1809இல் நட்ட விதையிலிருந்து வந்த மரம் அது. பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர், ஒட்டுக்கட்டக் கிளை கேட்டு வந்த நாற்றுப்பண்ணைக்காரரிடம், என் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாராம். நட்டவரின் பெயர் பழத்தில் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான். உலகில் உள்ள பிராம்லி மரங்கள் எல்லாமே அந்த ஒரு மரத்தின் ஒட்டுவழி வாரிசுகள். பச்சையாகக் கடித்தால் பல் கூசும் புளிப்பு. சூடு பட்டால் நுரைபோலப் பொங்கிக் கரையும். உங்கள் கூடையில் இருப்பது பிராம்லி என்றால் துண்டுக்கு ஆசைப்படாதீர்கள். துண்டு வேண்டுமானால் கிரானி ஸ்மித் அல்லது பிரேபர்ன் வாங்குங்கள்.

பெக்டின் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம் வரும். ஜாம் பாட்டிலில் ஈ440 என்று அச்சிட்டிருப்பதைப் படம் பிடித்து, இது விஷ ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். ஈ440 என்பது பெக்டின். ஆப்பிளைக் கடிக்கும்போதும் கொய்யாவைக் கடிக்கும்போதும் நாம் விழுங்குவது அதைத்தான். எண்ணைப் பார்த்துப் பயப்படப் பழகிவிட்டால், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய சர்க்கரை அளவு கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

ஆராய்ச்சிப் பணமும் இதேபோல் தவறான கணக்கில் அடிபடுகிறது. பிரிஸ்டல் அருகே லாங் ஆஷ்டன் என்ற இடத்தில் 1903இல் பழங்களுக்காகவும் சைடர் என்ற ஆப்பிள் மதுவுக்காகவும் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். பெக்டினை உடைக்கும் நொதியைக் கொண்டு தெளிவான பழப்பாகு எடுக்கும் முறை அங்கே உருவானது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் பிளாக்கரன்ட் என்ற சிறு கறுப்புப் பழத்தில் செய்யும் ரிபீனா பானம். ஆரஞ்சு இறக்குமதி நின்றுபோன போர்க்காலத்தில் குழந்தைகளுக்கு வைட்டமின் சி கிடைக்க அதை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட நிலையத்தை 2003இல் மூடிவிட்டார்கள். பழத்தின் செல்சுவரை ஆராய்வதால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு அந்தக் குழந்தைகளே பதில் என்பது என் கருத்து. மைசூரில் 1950இலிருந்து இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு நாம் தயங்காமல் பணம் கொடுக்க வேண்டும். நம் மாம்பழத்துக்கும் பலாவுக்கும் செல்சுவர் உண்டு.

வாசகியின் கேள்வியில் இன்னொரு பாதி மிச்சம்: மேல் மாவு ஏன் நனைந்தது? பழம் கூழானால் உள்ளே பிடித்து வைத்திருந்த நீரெல்லாம் ஒரே நேரத்தில் வெளிவந்து கொதித்து மேலே ஏறும். மாவின் அடிப்பகுதி அந்தச் சாற்றைக் குடித்துக் களியாகிவிடும். துண்டுகள் நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதிக்கு, பழத்தில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு தூவிப் பிசறினால் சாறு கெட்டிப்பட்டு மேலே ஏறாது. உதிரியை அழுத்தாமல் தளர்வாகத் தூவுங்கள், நீராவி வெளியேற வழி வேண்டும். ஓவனிலிருந்து எடுத்ததும் ஒரு கால் மணி நேரம் ஆறவிட்டால் சாறு இன்னும் கெட்டியாகும்.

மறுநாளைக்கு மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். அதில் பழத்திலுள்ள தண்ணீர் முதலில் சூடாகி, ஆவி முழுவதும் மாவுக்குள் இறங்கும். 180 டிகிரி ஓவனில் மூடாமல் 15 நிமிடம் வைத்தால், இரவில் மாவு உறிஞ்சிய ஈரம் வெளியேறி மொறுமொறுப்பு திரும்ப வந்துவிடும்.