கை ஊசிக்குப் பயம், ஆரி ஊசிக்குப் பயமில்லை

சென்ற வாரம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆள்காட்டி விரலில் பெரிய கட்டுடன் என் தையல் வகுப்புக்கு வந்தாள். வீட்டருகே நடந்த ஆரி வகுப்பில், அதாவது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி வகுப்பில், ஊசி விரலில் ஏறியிருக்கிறது. பதறிப்போன பெரியவர் ஒருவர் அதை வந்த வழியே வெடுக்கென்று இழுத்திருக்கிறார். கொக்கி சதையையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இந்த ஆண்டு இப்படிக் கட்டுடன் வந்த முதல் பிள்ளை இவள் அல்லள் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். இவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது கை ஊசி வாங்கி அனுப்பச் சொன்னதற்கு, "குழந்தை குத்திக்கொள்ளுமே டீச்சர், பிளாஸ்டிக் ஊசி போதாதா?" என்று கேட்டதும் இதே வீட்டார்தான்.

கூர் மழுங்கிய ஊசியே குழந்தைக்குப் பாதுகாப்பு என்ற எண்ணம் பெற்றோரிடம் மட்டுமல்லாமல், லோயர், ஹையர் என்னும் தையல் தேர்வுகளை முடித்த சில ஆசிரியைகளிடமும் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நெருக்கமாக நெய்த பாப்ளின் துணியில் மழுங்கிய ஊசியை ஒரு முறை நீங்களே ஏற்றிப் பாருங்கள். ஊசி துணியில் முட்டி நிற்கும். விரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். திடீரென்று துணி வழிவிட்டதும் அவ்வளவு அழுத்தமும் துணிக்குக் கீழே காத்திருக்கும் மற்றக் கை விரலில் போய் இறங்கும். கூரான, மெல்லிய ஊசிக்கு இந்த முட்டலும் மோதலும் இல்லை. அது தானாகத் துணியில் நுழைவதால், எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் குழந்தையால் நிறுத்த முடிகிறது. கூர் என்று தெரிந்த பொருளைப் பிள்ளைகள் கவனமாகப் பிடிப்பதையும், பொம்மைபோல் இருப்பதை அலட்சியமாக வீசுவதையும் எந்த வகுப்பிலும் காணலாம்.

மொட்டை ஊசிக்கும் ஓர் இடம் உண்டு. நூலுக்கும் நூலுக்கும் நடுவே துளை தெளிவாகத் தெரியும் மேட்டி துணியில், ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பெருக்கல் குறித் தையல் பழகும்போது மொட்டை ஊசியே சரி. அங்கே ஊசி புதிதாகத் துளை போட வேண்டியதில்லை, இருக்கிற துளையில் நுழைந்தால் போதும். மேட்டி துணியை விட்டுச் சாதாரணப் பருத்தித் துணிக்கு மாறும் அன்றே ஊசியையும் மாற்றிவிட வேண்டும். துணி மாறி ஊசி மாறாமல் இருந்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் காயம் வரும்.

கடையில் ஊசி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிஷின் ஊசியில் எண் கூடக்கூட ஊசி பருக்கும். கை ஊசியில் எண் கூடக்கூட மெலியும். இது தெரியாமல் சின்னப் பிள்ளைக்குச் சின்ன எண் போதும் என்று கேட்டு, சாக்குத் தைக்கிற அளவில் ஊசி வாங்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைக்கு 6 அல்லது 7 எண் எம்பிராய்டரி ஊசி பொருந்தும். எம்பிராய்டரி நூல் லச்சியில், அதாவது நூல் கட்டில், ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். பிரித்து இரண்டு அல்லது மூன்று இழையை மட்டும் கோத்துக் கொடுங்கள். ஆறையும் ஒன்றாகக் கோத்தால் ஊசிக்கண் துணியில் சிக்கி, மறுபடியும் அதே அழுத்தம்தான். நூலின் நீளம் பிள்ளையின் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போதும். அடிக்கடி கோக்கச் சோம்பி நீளமாக விட்டால், நூலை இழுக்கும் கை பக்கத்தில் இருப்பவரின் முகம் வரை போய்வரும். கண்ணைக் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஆரி ஊசியின் சங்கதி வேறு. அதன் முனையில் இருப்பது தூண்டில் முள் போன்ற கொக்கி. துணியை ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டி, ஒரு கை மேலிருந்து ஊசியைச் செங்குத்தாக இறக்க, துணிக்கடியில் மறைந்திருக்கும் இன்னொரு கை நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுக்க வேண்டும். தன் கண்ணுக்குத் தெரியாத விரலின் மீது கொக்கியை இறக்குவதற்கு, கை ஊசியில் ஓரிரு ஆண்டுகள் பழகிய விரல்கள் வேண்டும். ஆரியின் அடிப்படை சங்கிலித் தையல்தான். ஓட்டுத் தையல், பின் தையல், காம்புத் தையல் என்று படிப்படியாக வந்து, சங்கிலித் தையலில் வளையம் எப்படி விழுகிறது என்பதைக் கையாலேயே போட்டுப் பார்த்த பிள்ளை ஆரியை விரைவில் பிடித்துக்கொள்ளும். கல்யாண பிளவுசுக்கு ஆயிரக்கணக்கில் கூலி கிடைக்கிறதே என்று இந்தப் படிகளைத் தாண்டச் சொல்கிறார்கள். எட்டாம் வகுப்புக்கு முன் ஆரி வேண்டாம் என்பது என் கருத்து. ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்கான மாதிரிகளைத் தையற்கடையில் கொடுத்துத் தைத்து வாங்கும் வீடுகளுக்கு இதைக் கூடுதல் அழுத்தத்துடன் சொல்கிறேன்.

ஆரி ஊசி விரலில் ஏறிவிட்டால் இழுக்காதீர்கள். நூலை வெட்டி, பிடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, பிடியை மட்டும் கழற்றிவிட்டு, கையை அசைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எந்த ஊசியானாலும் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இன்னோர் ஊசியால் நோண்டி எடுக்கப் பார்க்கக் கூடாது. ஒடிந்த மீதியைக் கையோடு எடுத்துச் சென்றால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரியும். எக்ஸ்-ரேயில் உலோகம் தெளிவாகத் தெரிந்துவிடும். சாதாரணக் குத்தலுக்குச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவினால் போதும். காப்பித் தூளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஊசியில் துரு இல்லை, அதனால் தடுப்பூசி தேவையில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இரணஜன்னி (டெட்டனஸ்) துருவினால் வருவதன்று, மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் இருக்கும் கிருமியால் வருவது. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய தடுப்பூசி தவறாமல் போடப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தைக்கிறார்கள். தவறி விழுந்த ஊசி நெசவோடு நெசவாகப் படுத்துக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது; யாருடைய பாதமாவதுதான் அதைக் கண்டுபிடிக்கும். ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தால், மணி அடித்தாலும் யாரையும் எழவிடாதீர்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று மேசையில் இருந்தால் தேடும் வேலை எளிது. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டும், ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டும் பாடம் நடத்தாதீர்கள். நாம் செய்வதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். ஏற்காட்டுப் பள்ளிகளில் இருப்பவர்கள் ஊசிகளை இறுக மூடும் டப்பாவில் வைக்க வேண்டும். பனிக்காலத்தில் வெளியே கிடக்கும் ஊசி விரைவில் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிடும். பிறகு அதைத் துணியில் ஏற்றவும் அழுத்தம்தான் தேவைப்படும்.

விடுமுறை ஆரி வகுப்புக்குப் பணம் கட்டும் முன், கை ஊசியில் ஆரம்பிப்பார்களா, ஒரு ஸ்டாண்டைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் உட்காருவார்கள், கொக்கி விரலில் ஏறினால் என்ன செய்வார்கள் என்று தயவுசெய்து கேளுங்கள். "அதெல்லாம் எதற்குங்க, ஒரே வாரத்தில் பிளவுஸ் போட்டுவிடுவாள்" என்று பதில் வந்தால் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.